சங்ககிரிக்கு மட்டும் ஒரு சந்திரன்

தமிழ்நாட்டிலேயே சத்தம் குறைந்த இடம் என்று எங்கள் இயக்குநர் சங்ககிரியைத் தேர்ந்தெடுத்தார். நகரத்துத் தலைமை அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே ஒரு பழைய நில அளவை வரைபடத்தை விரித்து, எதுவும் குறிக்காமல் வெள்ளையாகக் கிடந்த ஓர் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் அது. அதில் கோட்டை இருந்தது, கரடு இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிணறுகள் இருந்தன. வரைபடம் அச்சான பிறகு அந்தப் பக்கம் லாரி வந்தது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வந்தன. சுற்றியுள்ள ஊர்களில் மாட்டுக்கொட்டகையைக்கூட விட்டுவைக்காமல் விசைத்தறி போட்டார்கள். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கிறவர் அல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஆய்வு நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இயற்பியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணைவிட, சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே தோட்டம் துரவு உள்ள குடும்பத்துப் பெண் என்பதுதான் அங்கே என் பெரிய தகுதியாகப் போயிற்று. "உனக்கு அந்த ஊர் பேச்சு தெரியும், வெயிலும் பழக்கம், சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை" என்று சொல்லி இயக்குநர் என்னைச் சமவெளி நிலையத்துக்கு அனுப்பினார். கூடப் படித்த ஆண்பிள்ளைகளை மேற்கே மலைமேல் இருந்த நிலையத்துக்கு அனுப்பினார். அவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தபடி வானத்தை ஆராய்ந்தார்கள். நான் தகரக் கொட்டகைக்குள் வெந்தபடி அதே வானத்தை ஆராய்ந்தேன்.

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். வானத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ரேடியோ அலைகளை வீசிக்கொண்டிருக்கும் பொருள்கள் ஏராளம். சில பரந்து கிடப்பவை. சில கடுகளவு இடத்துக்குள் அடங்கிக்கொண்டு பிரகாசிப்பவை. எது பரந்தது, எது கடுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் போடுவதுதான் எங்கள் வேலை. ஒரு தொலைநோக்கியால் அதைச் சொல்ல முடியாது. இரண்டு வேண்டும், அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது. மலைமேல் பெரியது ஒன்று ஏற்கெனவே இருந்தது. சங்ககிரிக்கு வெளியே மேட்டுநிலத்தில் கம்பிவலையால் ஆன சிறிய கிண்ணம் ஒன்றை நாங்கள் நிறுத்தினோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்க்கும். இரண்டு இடத்திலும் மிகத் துல்லியமான கடிகாரம் ஓடும். வந்த அலைகளைக் காந்த நாடாவில் பதிந்து நகரத்துக்கு அனுப்புவோம். அங்கே கணிப்பொறி இரண்டு நாடாக்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் நன்றாக ஒத்துப்போனால் அது கடுகு. ஒத்துப்போகாவிட்டால் பரந்தது, இல்லையென்றால் எங்கள் பக்கம் ஏதோ கோளாறு. எங்கள் பக்கம் எப்போதும் ஏதோ கோளாறாகவே இருந்தது.

கிண்ணத்துக்கு வரும் அலையின் இரைச்சலை ஒரு பேனா காகிதச் சுருளில் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும். வானம் மட்டும் கேட்டால் கோடு அமைதியாகப் போக வேண்டும். எங்கள் பேனாவுக்கு முக்கால்வாசி நாள் நடுக்கம்தான். இரைச்சல் கூடினால் இரண்டு நாடாக்களும் ஒத்துப்போவது குறையும், நல்ல கடுகுகூடப் பரந்தது போலத் தெரியும். நிலையப் பொறுப்பாளராக இருந்த பொறியாளர் நகரத்துக்காரர், வெயிலைத் தன் சொந்த எதிரியாக நினைப்பவர். "வெயிலில் ஆம்ப்ளிஃபையர் சூடாகிறது" என்று சொல்லி அதன்மேல் ஈரக் கோணிச்சாக்கைப் போட்டுவைத்தார். உலகத்தில் வேறெந்த வானியல் நிலையத்திலும் கோணிச்சாக்கு நனைப்பது முதுநிலைப் பட்டதாரியின் வேலையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

என் உதவித்தொகைக்கு இன்னும் ஓராண்டுதான் மிச்சம் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டில் இயக்குநர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வீட்டிலும் அதே கெடுதான்.

"பட்டத்தோட வந்தீன்னா நீ சொல்றத நாங் கேக்கறேன் சாமி," என்று அப்பா செல்லமாகச் சாமி போட்டே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். "வெறுங்கையோட வந்தீன்னா, நாஞ் சொல்ற எடத்துல கழுத்த நீட்டோணும். அப்பறம் அழுது பிரயோசனமில்ல."

அப்பா சொன்ன சொல் மாறாதவர். அதனால்தான் நான் காலண்டரில் நாளெண்ணத் தொடங்கினேன்.

இப்படி நடுங்கும் பேனாவோடு காலம் போய்க்கொண்டிருந்தபோது நகரத்திலிருந்து தொலைபேசி வந்தது. இயக்குநரின் குரல் கல்யாண வீட்டுக் குரலாக இருந்தது. கணிப்பொறி முடிவுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தாராம். மாதம் ஒரு நாள் மட்டும் இரண்டு நிலையங்களும் அற்புதமாக ஒத்துப்போகின்றனவாம். அந்த நாள் அமாவாசையாம். ஒரு மாதம் அல்ல, மாதா மாதம்.

"சந்திரன்!" என்றார். "சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று மேல் வளிமண்டலத்தை இழுக்கின்றன. அன்றைக்கு மட்டும் அது அலையடங்கிக் கிடக்கிறது. ரேடியோ அலை கலையாமல் வருகிறது. உலகத்தில் யாரும் இதைப் பார்த்ததில்லை. நாம்தான் முதலில் பார்த்திருக்கிறோம். புரிகிறதா உனக்கு?"

புரிந்தது. எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்ல மாட்டேன். கோணிச்சாக்கு நனைத்த கைக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? என் ஆய்வேட்டின் தலைப்பையே அவர் மாற்றினார். கடுகுகளின் பட்டியல் பின்னால் போய்ப் பிற்சேர்க்கை ஆனது, சந்திரன் முன்னால் வந்து உட்கார்ந்தது. இயக்குநர் கட்டுரை எழுதினார், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அமாவாசைக்கு முதல் நாள் நிலையத்துக்குத் தவறாமல் தொலைபேசி செய்து, "நாளைக்கு விட்டுவிடாதீர்கள்" என்று பித்ரு காரியத்துக்கு நினைவூட்டுவது போல நினைவூட்டினார்.

அப்பாவுக்கும் தலைகால் புரியவில்லை. வானத்தில் கடுகு பொறுக்குவதை அவரால் உறவுக்காரர்களுக்கு விளக்க முடிந்ததில்லை. சந்திரனை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிடாவெட்டு, காதுகுத்து என்று போன இடமெல்லாம் "எம் பொண்ணு சந்திரனப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடிக் காற்றில் கிண்ணத்தைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று விரிசல் விட்டது. கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு, வெல்டிங் வைக்க நானும் பொறியாளரும் சங்ககிரிக்குப் போனோம். நெடுஞ்சாலை ஓரம் வரிசையாகப் பட்டறைகள். சாதாரண நாளில் அந்த வழியாகப் போனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் போக வேண்டும், அவ்வளவு நீலப் பொறி பறக்கும். அன்றைக்கு ஒரு பட்டறைகூடத் திறக்கவில்லை. பாதி பாடி கட்டிய லாரிகள் எலும்புக்கூடாக நின்றன. எதிரே டீக்கடை மட்டும் திறந்திருந்தது.

"இன்னைக்கி அமாவாசையிங்க," என்றார் டீக்கடைக்காரர். "ஒருத்தரும் பட்டற தொறக்க மாட்டாங்க. நாளைக்கி வாங்க."

அமாவாசை என்பது எங்களுக்கும் தெரியும், அன்றைய பதிவு தவறக் கூடாதென்றுதான் அவசரமாக வந்திருந்தோம். "தறி ஓடுமுங்களா?" என்று ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தறியும் நிக்குமுங்க. குமாரபாளையம் போனாலுஞ் செரி, ஜலகண்டாபுரம் போனாலுஞ் செரி, அமாவாசைக்கி யாரு தறி ஓட்டுவாங்க? ஏனுங்க, நீங்க இந்தப் பக்கமில்லீங்களா?"

நான் இந்தப் பக்கம்தான். ஆனால் எங்கள் தோட்டத்தில் அமாவாசை என்றால் தலைக்குக் குளிப்பது, கவிச்சி சமைக்காமல் இருப்பது, காக்காய்க்குச் சோறு வைப்பது. தறியும் பட்டறையும் அன்று நிற்கும் என்பது காதில் விழுந்திருக்கலாம், மனதில் பதிந்ததில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் விடுதிக்குப் போனவள் நான். டீக்கடை வாசலில் நின்று அந்தத் தெருவின் அமைதியைக் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெல்டிங் வைக்கும்போது பறக்கும் பொறியும், தறி மோட்டார்களின் தேய்ந்துபோன சுவிட்சுகளில் பறக்கும் பொறியும் ரேடியோ அலையை வீசுபவைதான். ஒரு பட்டறை என்றால் பேனா துள்ளித் துள்ளிக் காட்டிக்கொடுத்திருக்கும், நாங்களும் கண்டுபிடித்திருப்போம். பவானி ஆற்றங்கரையிலிருந்து திருச்செங்கோடுவரை அத்தனை பட்டறையும் அத்தனை தறியும் சேர்ந்து இரைந்தால் அது அடைமழை மாதிரி ஒரே சீராக இருக்கும், கருவியின் கோளாறு என்றே தோன்றும். மாதம் ஒரு நாள் அவை நிற்கின்றன. அந்த ஒரு நாளின் பெருமையைத்தான் சந்திரனுக்கு எழுதிக்கொடுத்திருந்தோம்.

பொறியாளர் பெட்ரோல் வீணானதைப் பற்றி வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜீப்பை ஓரமாக நிறுத்தினார்.

"இருக்கலாம்," என்றார். "ஆனால் இதை நீயே போய்ச் சொல்லு. எனக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு வருகிறது."

நகரத்துக்குப் போய் இயக்குநரைப் பார்த்தேன். பட்டறை, தறி என்று எடுத்த எடுப்பில் ஆரம்பிக்கப் பயமாக இருந்தது. சுற்றி வளைத்து ஒரு கேள்வி கேட்டேன். சந்திரனும் சூரியனும் இழுப்பதுதான் காரணம் என்றால் பௌர்ணமியிலும் அதே போல இழுக்க வேண்டுமே, கடலில் இரண்டு நாளும்தானே அலை பொங்குகிறது, நம் தரவில் பௌர்ணமியன்று மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?

"அதுதான் இதில் புதுமை," என்றார் இயக்குநர்.

பிறகுதான் பட்டறைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் முட்டாள் அல்ல, இதை நான் சொல்லியே ஆக வேண்டும். அவ்வளவு கூர்மையான ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கேட்டு முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கள் ஊரில் தறி நிற்பதற்காக வானம் நிற்குமா? ஊர்க்காரி மாதிரிப் பேசாதே. விஞ்ஞானி மாதிரிப் பேசு. நிரூபணம் இருந்தால் கொண்டுவா."

ஊர்க்காரி என்பதற்காகத்தான் என்னை அங்கே அனுப்பினார் என்பதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில் சேலம்வரை எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

நிரூபணத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. அமாவாசை இல்லாத ஒரு நாளில் தறியும் பட்டறையும் நிற்க வேண்டும். அப்படி வருவது பொங்கல்தான். ஊரே வேலையை விட்டுவிட்டு நாள் கணக்கில் பண்டிகை கொண்டாடும். இவ்வளவு காலமாக இந்த உண்மை ஏன் வெளியே வரவில்லை என்றால், பொங்கலுக்கு எங்கள் நிலையமும் விடுமுறை. தறிக்காரர்கள் வேலை செய்த நாளெல்லாம் நாங்களும் வேலை செய்தோம், அவர்கள் பண்டிகை கொண்டாடியபோது நாங்களும் கரும்பு கடித்துக்கொண்டிருந்தோம். அமாவாசைக்கு மட்டும்தான் எங்களுக்கு அரசாங்க விடுமுறை கிடையாது. அது இருந்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பே நடந்திருக்காது.

அந்த ஆண்டு பொங்கல் பௌர்ணமியை ஒட்டி வந்தது. எனக்கு அதைவிட வசதியான பொங்கல் வாய்த்திருக்க முடியாது. பொறியாளர் ஊருக்குப் போகும்போது சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் மறந்து வைத்துவிட்டுப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரால் முடிந்த அளவு வீரம் அவ்வளவுதான். மலைமேல் இருந்த பெரிய தொலைநோக்கி பண்டிகைக்கெல்லாம் நிற்காது, பட்டியல்படி பார்த்துக்கொண்டே இருக்கும். நான் இங்கே அதே பட்டியலைப் பார்த்தால் போதும்.

பெரும்பொங்கலன்று காலையில் பேனாவைத் தொடங்கினேன். கோடு நேராகப் போனது. நான் நம்பாமல் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், கருவியைத் தட்டிப் பார்த்தேன். கோடு அசையவில்லை. கொட்டகையில் யாரும் இல்லாத தைரியத்தில் நான் கத்தினேன், கையைத் தட்டினேன், நாற்காலியைச் சுற்றி ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள்கள் குறைவு.

மறுநாள் மாட்டுப்பொங்கல். மத்தியானம் அப்பா தூக்குப்போசியில் பொங்கலோடு வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நோம்பியுமதுவுமா ஊட்டுல இல்லாம இங்க என்ன சாமி வேல? ஊரே கேக்குது," என்றவர், பேனாவைப் பார்த்தார். "என்ன, ஒண்ணும் ஆடவே மாட்டேங்குது? கரண்டு இல்லியா?"

"அது ஆடாம இருக்கறதப் பாக்கத்தானுங்கப்பா இங்க உக்காந்திருக்கறேன்," என்று சொல்லி விஷயத்தை விளக்கினேன். பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதால் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அப்பா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அட சாமி, சந்திரன்னு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறனே. இப்பப் போயி, சந்திரனில்லீங்க, நம்ம பக்கத்துத் தறிதானுங்கன்னு எப்பிடிச் சொல்றது?"

உலகத்திலேயே அந்த முடிவால் மனம் நொந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் இயக்குநர், இன்னொருவர் என் அப்பா.

நாடாக்கள் நகரத்துக்குப் போய், கணிப்பொறி ஒப்பிட்டு முடித்தது. பௌர்ணமியை ஒட்டிய பொங்கல் நாள்கள் எந்த அமாவாசைக்கும் சளைக்கவில்லை. துறைக் கூட்டத்தில் நான் அதைப் படம் போட்டுக் காட்டினேன். பேசி முடித்தபோது மூத்த விஞ்ஞானிகள் எல்லாரும் அவரவர் தேநீர்க் கோப்பைக்குள் மிக முக்கியமான எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொங்கலன்று சமவெளி நிலையம் மூடப்பட்டிருந்தது," என்றார் இயக்குநர்.

"நான் திறந்தேன் சார்."

"யார் அனுமதியோடு?"

"யார் அனுமதியும் இல்லை சார்."

"மூடியிருந்த நிலையத்தில் எடுத்தது எப்படித் தரவாகும்? ஆவணங்களின்படி அன்றைக்கு அங்கே கிண்ணமே இயங்கவில்லை."

இப்படி ஒரு வாதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பிரபஞ்சம் விடுமுறை நாளிலும் இயங்குகிறது என்பதை மறுத்து விஞ்ஞானி ஒருவர் பேசுவார் என்று யார் எதிர்பார்க்க முடியும்? விடுமுறை நாளில் அரசு மின்சாரத்தைப் பயன்படுத்தியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். "இனி பண்டிகை நாளில் உழைக்க மாட்டேன்" என்று எழுதிக்கொடுத்தேன். அதைப் படித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு இயக்குநர் தானே சங்ககிரிக்கு வருவதாக அறிவித்தார். எல்லார் கண்ணெதிரிலும் சந்திரனை நிரூபிக்கப்போகிறாராம். கூடவே ஒரு புகைப்படக்காரரும் வருவதாகத் தகவல்.

அந்த வாரம் எங்கள் பக்கம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. அமாவாசைக்கு முதல் நாள் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா பேச்சுவாக்கில் சொன்னார்: "கரண்டு இல்லாம இந்த வாரம் பாதி நாளு தறி நின்னுபோச்சு. அதனால நாளைக்கி லீவு இல்லையாம், அமாவாசையே ஆனாலும் ஓட்டறாங்களாம். பட்டறக்காரங்களும் அப்பிடித்தான் பேசிக்கறாங்க." நான் வாயை மூடிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பினேன். இயக்குநருக்குத் தொலைபேசி செய்திருக்கலாம். செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

காலையில் ஜீப் வந்தது. இயக்குநர் இறங்கி, கிண்ணத்தை அண்ணாந்து பார்த்து, கொட்டகைக்குள் வந்து பேனாவின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புகைப்படக்காரர் கோணம் பார்த்தார். பொறியாளர் கருவியைப் போட்டார். பேனா மலைக்காய்ச்சல் வந்ததுபோல உதறியது.

"இன்றைக்கு அமாவாசைதானே?" என்றார் இயக்குநர்.

"ஆமாம் சார், காலண்டரில் போட்டிருக்கிறது," என்றார் பொறியாளர்.

ஆம்ப்ளிஃபையரை மாற்றச் சொன்னார். மாற்றினோம். கேபிளை மாற்றச் சொன்னார். அதையும் மாற்றினோம். கோணிச்சாக்கை நனைக்கச் சொன்னார். நனைத்தேன். பேனா அடங்கவில்லை. அவர் எழுந்து வெளியே போய் நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்த்தார். அமாவாசைச் சந்திரனைப் பட்டப்பகலில் தேடிய ஒரே வானியலாளர் அவராகத்தான் இருப்பார்.

"சார், இன்றைக்குத் தறி ஓடுகிறது," என்றேன். "வேலி ஓரம் வந்து கேளுங்கள்."

வந்தார். காற்று தெற்கிலிருந்து அடித்தது. பக்கத்து ஊரின் தறிச் சத்தம் டக்கடக்கென்று தெளிவாகக் கேட்டது. தூரத்தில் பட்டறை ஒன்றின் நீலப் பொறி மின்னி மின்னி அணைந்தது. அவர் வெகுநேரம் நின்று கேட்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அவர் கழுத்து நரம்பிலேயே பார்த்தேன். மனதுக்குள் துள்ளினேன். சரி, தோற்றோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவரைக் கும்பிட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"சந்திரனின் பாதிப்பு நிரந்தரமானதல்ல என்று இதிலிருந்து தெரிகிறது," என்றார் இயக்குநர். "விட்டுவிட்டு வருகிறது. இது இன்னும் சுவாரஸ்யமானது."

ஜீப்பில் ஏறியபின் என்னைக் கூப்பிட்டார். "இதையும் சேர்த்து ஆய்வேட்டை முடித்துக் கொடு. அடுத்த வாரமே கையெழுத்துப் போடுகிறேன்."

நான் முடித்துக் கொடுத்தேன். கடுகுகளின் பட்டியலை முன்னால் கொண்டுவந்தேன். அமாவாசை, பொங்கல், மின்வெட்டு வாரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சமவெளி நிலையத்தின் இரைச்சல் சங்ககிரி வட்டாரத் தொழில்களின் இரைச்சல் என்று எழுதினேன். அதைக் கழித்துவிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் திருத்திய அளவு கொடுத்தேன். சந்திரன் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வரவில்லை.

அவர் அதை மேசைமேல் போட்டுவைக்கவில்லை. வரிவரியாகப் படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். ஒரு கூட்டலில் நான் விட்ட பிழையைப் பிடித்திருந்தார். இரைச்சலைக் கழிக்க நான் எடுத்த வழியைவிட நேரான வழி ஒன்றை ஓரத்தில் எழுதிக் காட்டியிருந்தார். எல்லாத் திருத்தமும் சரி. அவர் சொன்ன வழியில் கணக்குப் போட்டால் என் முடிவு இன்னும் வலுவாக நின்றது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"தவறு எங்கே என்று சொல்லுங்கள் சார், திருத்துகிறேன்," என்று அவர் அறையில் நின்று கேட்டேன்.

"தவறு இல்லை," என்றார். "நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். அதற்காக நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?"

உதவித்தொகை முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா சொன்ன சொல் மாறாமல் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அப்பா "சந்திரனுங்க" என்பார், நான் "தறியிங்க" என்பேன். பாதிக் காபியோடு எழுந்து போனார்கள். இரண்டு மூன்று இடம் இப்படிப் போனபின் அப்பா ஓய்ந்துவிட்டார். நான் திருச்செங்கோட்டில் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, எழுதி முடித்தும் கிடைக்காத பட்டத்தை நினைத்து வெந்துகொண்டிருந்தேன். சிவப்பு மைத் திருத்தங்களையெல்லாம் ஏற்று ஆய்வேட்டை மறுபடியும் தட்டச்சு செய்துவைத்தேன். அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை.

சந்திரன் கட்டுரைக்குப் பின் இயக்குநருக்கு இன்னும் பெரிய பதவி கிடைத்து அவர் டெல்லிக்குப் போனார். தவறு செய்கிற பெரியவர்களை நாம் மேலே அனுப்பித்தான் தண்டிப்போம். புதிய இயக்குநர் வந்திருக்கிறார் என்று பொறியாளர் சொல்லியனுப்பினார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது, குரலில் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. நான் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்தேன். பொங்கலைப் பற்றிக் கேட்டால் இது, பௌர்ணமியைப் பற்றிக் கேட்டால் இது, அனுமதியைப் பற்றிக் கேட்டால் இது.

புதிய இயக்குநர் தொலைபேசியில் தன் குடியிருப்புக்குத் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசியபடியே கையை நீட்டி ஆய்வேட்டை வாங்கி, கடைசிப் பக்கத்துக்குப் போனார். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ஊர் அம்மா?"

"சங்ககிரிப் பக்கம் சார்."

"நாமக்கல் கிட்டதானே? முட்டை அங்கே மலிவாக இருக்குமே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பினார்.

முதல் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை. வெளியே வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். போகிறவர்கள் பட்டம் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். என் ஆய்வேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் புரிந்துகொண்டவர் இன்றுவரை ஒரே ஒருவர்தான். அவர் அதில் கையெழுத்துப் போட மறுத்தவர்.